ஏழாம் மேடையின் நம்பர்

“கடலுக்கே அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஆளு நம்ம மேடம் மட்டும்தான்!”

டீ ரூமில் எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவர் ‘ரேடியோ’ அண்ணன். அவர் வாயை மூடி அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

“அடுத்து மீனுக்கும் ஐடி கார்டு கேப்பாங்க பாருங்க!”

அந்த ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை பார்க்கும் அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். கடலுக்குள்ளே அங்கங்கே இரும்பு மேடைகள். மேடைக்கு ஒரே ஒரு ஆள். தண்ணீரின் சூடு, உப்பு, அலையின் உயரம் எல்லாவற்றையும் சென்சார் அளந்து, மணிக்கு ஒரு தடவை தானாகவே ஆபீஸுக்கு அனுப்பிவிடும். அந்த நம்பர்களை மூன்று ஆபீஸ்காரர்கள் மூன்று விதமாக எழுதி வைத்ததில் எதையும் எதோடும் சேர்க்க முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே விதிமுறை எழுதுகிறார்கள்.

எல்லாம் பேசி முடித்தாயிற்று. மேடம் சொன்ன ஒரே ஒரு விதியில்தான் இழுபறி.

தினமும் விடிந்ததும் மேடையில் இருப்பவர் ஏணியில் இறங்கி, சென்சாரில் படிந்த பாசியைத் துடைத்து, தன் பெயரைத் தன் கையாலேயே டைப் அடித்து அனுப்ப வேண்டும்.

“வாரம் ஒரு தடவை துடைச்சா போதுமே மேடம்?”

“துடைச்ச ஆளோட பேர் இல்லாத நம்பரை நான் நம்ப மாட்டேன்.”

மேடம் அசையவில்லை.

டைப் அடிக்கிறவளுடைய வீட்டுக்காரர் இருப்பது ஏழாம் மேடையில். போய் நாலு மாசம் ஆச்சு. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. பதினைந்து நாளைக்கு ஒரு போன், அதுவும் லைன் கிடைத்தால். போன தடவை, “முட்டி வலி உயிர் போகுது, ஏணியைப் பார்த்தாலே பயமா இருக்கு” என்றார். பாப்பா “ப்பா” என்று சொன்னது அவர் காதில் விழுவதற்குள் லைன் போய்விட்டது.

மத்தியானம் மேடம் விதிமுறையில் கையெழுத்துப் போடுகிறார்.

“போய்க் கேளேன் தங்கச்சி. உன்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?” என்றார் ரேடியோ அண்ணன். அவர் மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

கையைப் பிசைந்துகொண்டு மேடம் ரூமுக்குள் போனாள்.

“மேடம்... அந்த விதி வேண்டாம் மேடம்.”

“ஏம்மா?”

“அவருக்கு முட்டி வலி. தினமும் ஏறி இறங்க முடியாது. அதான் மணிக்கு மணி நம்பர் வருதே மேடம்? காலையில வந்ததும் நான் ஏழாம் மேடையைத்தான் பார்ப்பேன். இருபத்தெட்டு டிகிரின்னு வந்திருக்கும். சரி, மனுஷன் நல்லாத்தான் இருக்காருன்னு மனசு ஆறிடும். அதை போன்ல படம் எடுத்துட்டுப் போய், ‘இந்தா, அப்பா அனுப்பினது’ன்னு பாப்பாகிட்ட காட்டுவேன். எனக்கு அது போதும் மேடம்.”

இவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“உட்காரு. எங்க வீட்டுக்காரரும் மேடையிலதான் இருந்தார்.”

அவள் உட்காரவில்லை.

“சாமான் கொண்டு போன படகுக்காரங்க வந்துதான் சொன்னாங்க, அவர் மூச்சு நின்னு பதினோரு நாள் இருக்கும்னு. அந்தப் பதினோரு நாளும் ஒரு மணி கூடத் தவறாம நம்பர் வந்துச்சும்மா. உன்னை மாதிரியே தினமும் பார்த்துட்டு, நானும் நிம்மதியா வீட்டுக்குப் போனேன்.”