மலையை விட்டு இறங்காதவன்

“முட்டாப்பய. இதுக்கு மேல அவனைப் பத்திப் பேச என்ன இருக்கு?” புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டம் அது. வட்டம் என்று பேர்தான். வருகிறவர்கள் நாலே பேர். ஒரே புத்தகத்தை மாதம் முழுக்க வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். இந்த மாதம் ஓர் உண்மைக் கதை. நல்ல வேலையில் இருந்த இளைஞன் ஒருவன், மனிதர்களே வேண்டாம் என்று மலைக்காட்டுக் குடிசை ஒன்றில் போய்த் தனியாக இருந்தான். காய்ச்சலில் விழுந்தான். கீழே கூப்பிடு தூரத்தில் ஊர். இறங்கவும் இல்லை, குரல் கொடுக்கவும் இல்லை. செத்துக் கிடந்தவனை விறகு பொறுக்கப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

“சும்மா முட்டாள் முட்டாள்னு சொல்லாதீங்கண்ணே,” என்றார் நர்ஸ். “காய்ச்சல் முத்திட்டா எந்திரிச்சு நிக்கவே முடியாது. நான் பாக்காத காய்ச்சலா?”

“அதுக்கு முன்னாடியே இறங்கியிருக்கணும். பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சதுமே வண்டியை ஓரங்கட்டணும். பள்ளத்துல விழுந்தப்புறம் என்ன பேச்சு?”

“எனக்கென்னவோ அவன்மேல பொறாமையா இருக்கு,” என்றார் நூலகர். “போன் கிடையாது, மேலதிகாரி கிடையாது.”

“உயிரும் கிடையாது,” என்றார் டிரைவர்.

தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மாதம்தான் புதிதாகச் சேர்ந்தவர். விசித்திரமான ஆள். ஒரு வாரம் அந்த இளைஞனைத் திட்டித் தீர்ப்பார். மறு வாரமே அவனுக்கு வக்காலத்து வாங்குவார்.

“என்ன தங்கச்சி, இன்னிக்கு எந்தக் கட்சி?” என்று டிரைவர் வம்புக்கு இழுத்தார்.

“எனக்கேதுண்ணே கட்சி? நீங்க பேசினதைப் போய் அப்படியே என் பையன்கிட்ட சொல்றேன். அவன் மடக்கி மடக்கிக் கேக்கறான். ‘அந்த ஆள் யாருக்கு என்ன கெடுதல் பண்ணான்? நிம்மதியா இருந்தான், நிம்மதியா போனான். எதுக்கு இறங்கி வரணும்? ஒரு காரணம் சொல்லு’ங்கறான். எனக்குப் பதில் வரல.”

நூலகர் நிமிர்ந்தார். “பையனும் இதைப் படிச்சிருக்கானா?”

“அவன் கேட்டுத்தான் நான் எடுத்துட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் படிக்கிறான். இப்பல்லாம் அவன் என்கிட்ட வாயைத் திறக்கறதே இவனைப் பத்திப் பேசத்தான்.” தையல்காரம்மா டிரைவர் பக்கம் திரும்பினார். “இவனை மாதிரியே அவனும் போயிடுவானோன்னு பயமா இருக்குண்ணே. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.”

டிரைவரின் கிண்டல் போன இடம் தெரியவில்லை.

“முதல்ல அவன் பையை ஒளிச்சு வைங்க. வாசக்கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க. வெளிய விடவே கூடாது.”

“பூட்டி வச்சா வீம்புதான் ஏறும்,” என்றார் நர்ஸ். “துணைக்கு ஒரு ஆளோட அனுப்புங்கக்கா. போய்ட்டுப் பத்திரமா வரட்டும்.”

தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் விட்டால்தானே? அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் ஸ்டாப்பிங் கிடையாது.

“காரணம் கேட்டானில்ல? சொல்றேன். நான் மலை ரூட்ல ஓட்டினவன். கடைசி டிரிப்புக்கு மேலருந்து ஒரே ஒரு ஆள்தான் வருவான்னு தெரிஞ்சாலும் வண்டியை மேல ஏத்துவேன். ஏன்? அவனுக்காக யாரோ ஒருத்தர் கீழ சாப்பாட்டை மூடி வச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அதான் காரணம். அது தெரியாதவன் முட்டாள்தான். அவனுக்குப் பரிஞ்சு பேசினா உங்க பையனும் முட்டாள்தான். நான் சொன்னேன்னே சொல்லுங்க.”

“பெத்தவங்ககிட்ட பேசற பேச்சாண்ணே இது?” என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

தையல்காரம்மா கோபப்படவில்லை. “முட்டாள்னு சொன்னதையும் சேர்த்தே சொல்லட்டுமாண்ணே?”

“ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.”

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வாரம் முழுக்க டிரைவருக்கு நிம்மதி இல்லை. அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பையன் ரோஷத்துல கிளம்பிப் போயிருந்தா என்ன பண்றது?”

“நீங்கதான் தேடிக் கண்டுபிடிக்கணும்,” என்றார் நர்ஸ். ஆறுதல் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை.

தையல்காரம்மா வந்தார். பின்னாலேயே ஒல்லியாக ஓர் இளைஞன். தோள்வரை முடி, கசங்கிய சட்டை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

“இங்க டிரைவர் யாரு?”

“நான்தான் தம்பி.”

“நீங்க சொன்னது தப்பு. சாப்பாட்டை மூடி வச்சுட்டுக் கீழயே உக்காந்திருந்தா போதுமா? ஒருத்தராவது மேல போய்க் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டிருந்தா அவன் வந்திருப்பான்.”

டிரைவர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க தம்பி. இதுக்கு நான் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும்.”

அவன் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியதும் டிரைவர் தையல்காரம்மாவிடம் குனிந்தார். மனசிலிருந்த பாரமெல்லாம் இறங்கியிருந்தது. “பரவால்லையே தங்கச்சி. நான் சொன்ன மாதிரியே வாசலைப் பூட்டி வச்சு, பையன் காட்டுக்குப் போகாம தடுத்துட்டீங்க.”

“எந்தக் காட்டுக்குண்ணே?” தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “காலேஜ்ல பெயிலான அன்னிக்கு ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டவன், உங்களோட சண்டை போடறதுக்குன்னு இன்னிக்குத்தான் வெளிய வந்திருக்கான்.”