வெறுங்குடத்துப் படம்

ஊர் ஊராச் சுத்திப் படம் எடுக்குற ஒருத்தரோட கண்காட்சி மியூசியத்துல நடந்துச்சு. அவரோட பழைய கேமராவையும் அங்கயே ஒரு கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. அதுல கேமராவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

பெட்டி மேல இருந்த பல்லி, எதிர்ச் சுவத்துப் படத்தையே பாத்துச்சு. வெடிச்சுக் கெடந்த ஏரியில ஒரு பொம்பளை வெறுங்குடத்தைக் கவுத்துப் பிடிச்சுட்டு நிக்குறா.

"பாவம்ணே. அப்புறமாவது தண்ணி கெடச்சுதா?"

"அட, நீ வேற! குடம் முட்டத் தண்ணியோடதான் வந்தா. அப்படி எடுத்தா எவன் நின்னு பாப்பான்? கொட்டிட்டு நில்லும்மான்னாரு முதலாளி."

"கொட்டிட்டாளா?"

"பெரிய மனுசர் கேக்குறாரேன்னு கொட்டிட்டா. வெளிச்சம் என்னமா இருந்துச்சு தெரியுமா!"

"தண்ணிக்கு எம்புட்டுத் தூரம்ணே போகணும்?"

"விடியக்காலம் கெளம்புனாளாம். நாங்க பாத்தப்ப உச்சி வெயிலு."

"அப்ப திரும்பவும் போனாளா?"

"தெரியலப்பா. எங்களுக்கு ரயிலுக்கு நேரமாயிருச்சு."

பல்லி உச்சுக் கொட்டுச்சு.

அப்ப ஒரு கூட்டம் வந்து, "என்னா படம்யா!"ன்னு கை தட்டுச்சு. படத்துல இருக்குறவ நேரா தன்னையே பாக்குறது கேமராவுக்கு அப்பத்தான் உறைச்சுது. கண்ணை மூடிக்கலாம்னு பாத்துச்சு. ஆனா லென்சோட மூடி, பக்கத்துல நின்னு எல்லாருக்கும் கும்புடு போட்டுக்கிட்டிருந்த முதலாளியோட சட்டைப்பையில இருந்துச்சு.