ஜான்பீட்டர் மேல ஒரு மனு

"சின்னராசு இறந்துட்டாரும்மா. ஃபைல்ல அப்படித்தான் இருக்கு"ன்னாரு காப்பீட்டு அட்டை கவுன்டர்ல இருந்த கிளார்க் ஜான்பீட்டர்.

சின்னராசு அவருக்கு எதிர்லயேதான் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாரு.

"ஏனுங்க சார், செத்தவரு டிக்கெட் எடுத்து பஸ் ஏறி வருவாருங்களா?"ன்னு கேட்டா சின்னராசு பொஞ்சாதி அத்தாயி.

ஜான்பீட்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சின்னராசை ஏற இறங்கப் பார்த்தாரு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாரு. அப்புறம் அத்தாயி பக்கம் திரும்பி, ஆள் இருக்காரு, ஆனா ஃபைல்ல இல்லைன்னாரு.

வேற ஒண்ணுமில்ல. அவங்க ஊட்டுல பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைப்பாங்க. தொண்ணூறு வயசுல பாட்டன் சின்னராசு போய்ச் சேர்ந்தப்ப, ரேஷன் கார்டுல அவர் பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. எந்தப் புண்ணியவானோ பாட்டனை விட்டுட்டுப் பேரனை எடுத்துட்டாரு. யாரை எடுத்தாலும் அரிசி குறையறது ஒரே அளவுதானே, அதனால ரெண்டு வருஷமா யாரும் கவனிக்கல. பாட்டன் பாட்டுக்குத் தொண்ணூத்திரெண்டு வயசுல கார்டுல சௌக்கியமா இருந்தாரு.

இப்ப பேரன் சின்னராசுக்கு இருதயத்துல வால்வு கெட்டுப்போச்சு. ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும்னு மலைக்குக் கீழ டவுன்ல டாக்டர் சொல்லிட்டாரு. காப்பீட்டு அட்டை இருந்தா செலவில்லாம முடியும், ஆனா ரேஷன் கார்டுல பேர் இருந்தாத்தான் அந்த அட்டை. இல்லேன்னா மிளகுத் தோட்டத்தை வித்தாலும் பத்தாது.

ஏற்கெனவே மூணு தடவை வந்து போயாச்சு. மூணு தடவையும் ஜான்பீட்டர் பாடினது ஒரே பாட்டுத்தான். மனு குடுங்க, மேலிடத்துக்கு அனுப்பறேன், உத்தரவு வர ஆறு மாசம் ஆகும். இன்னைக்கும் அதையே பாட ஆரம்பிச்சாரு.

அத்தாயிக்குத் தாங்கல.

"ஆறு மாசம் போனா உங்க ஃபைலு சொல்றது நெசமாயிருமுங்க சார்."

வரிசையில நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஜான்பீட்டர் பேனாவைக் கீழ வெச்சாரு.

"இங்க நின்னு கத்தாதீங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இலவச சட்ட உதவின்னு போர்டு மாட்டி ஒரு வக்கீலம்மா உட்கார்ந்திருக்காங்க. தைரியம் இருந்தா போய் என் மேல எழுதிக் குடுங்க. அடுத்த ஆள் வாங்க."

தைரியம் இருந்தாவா? அத்தாயி புருஷனை டீக்கடையில உட்கார வெச்சுட்டு விறுவிறுன்னு நடந்தா.

வக்கீலம்மா மைதிலிகிட்ட நடந்ததைச் சொல்லலை, நடிச்சே காட்டினா. இல்லாத கண்ணாடியை ரெண்டு விரலால மூக்கு நுனிக்கு இறக்கினா. தொண்டையைக் கனைச்சா. ஆள் இருக்காரு, ஆனா ஃபைல்ல இல்லைன்னா. ஜான்பீட்டரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. மைதிலிக்குச் சிரிப்பை அடக்க முடியல.

"அந்தாளைத் தெரியுமா அம்மிணி?"

"தெரியாம என்னக்கா? அவர் மேல நான் எழுதற பதினாறாவது மனு இது."

"பதினாறா? இன்னுமா வேலையில வெச்சிருக்காங்க?"

மைதிலி பேப்பரை இழுத்து வெச்சு எழுத ஆரம்பிச்சாங்க. எழுதி முடிச்சதும், சோளக்காடு சந்தையில விக்கக் கொண்டாந்த மிளகுப் பையைத் தூக்கி மேசை மேல வெச்சா அத்தாயி. பொம்பளைங்களுக்கும் மலை சனங்களுக்கும் சட்டமே சும்மா செய்யச் சொல்லுது அக்கான்னு, பையைத் திரும்ப அவ கையிலயே குடுத்துட்டாங்க மைதிலி.

அடுத்த வாரமே, ஏன் இன்னும் அட்டை தரலைன்னு கேட்டு ஆபீசுக்குக் கோர்ட்டு லெட்டர் போச்சு. பதினோராவது நாள் பாட்டன் முறைப்படி செத்தாரு. பேரன் ஃபைல்ல உசுரோட எழுந்தாரு. மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கிட்டு அட்டையை நீட்டினாரு ஜான்பீட்டர். ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது.

ரெண்டு மாசம் கழிச்சு மாத்திரை வாங்க, அந்த ஆபீஸ் இருக்கற செம்மேட்டுக்கு வந்த அன்னைக்கு, அந்தாளை நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன்னு நின்னா அத்தாயி. பொழைச்சாச்சில்ல புள்ள, விடுன்னாரு சின்னராசு. பொழைச்சவரை அந்தாளு கண்ணுல காட்டோணும்னா அவ.

ஆபீஸ் படியில ஒரு பெரியவர் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டே இறங்கி வந்தாரு. பேரு காளியண்ணன். என்னாச்சுங்கன்னு விசாரிச்சா அத்தாயி. சம்சாரத்துக்குச் சிறுநீரகம் போச்சாம், வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணோணுமாம்.

"அட்டை கேட்டா, தைரியம் இருந்தா என் மேல எழுதிக் குடுன்னு வெரட்டறாரு சாமி."

அத்தாயிக்குச் சுர்ருன்னு தலைக்கேறுச்சு. முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு உள்ள நுழைஞ்சா.

மதிய நேரம், கவுன்டர்ல ஆளில்ல. பின்னாடி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, ஜான்பீட்டர் தணிஞ்ச குரல்ல போன் பேசிக்கிட்டிருந்தாரு.

"மைதிலி மேடம், காளியண்ணன்னு ஒரு பெரியவரை அனுப்பியிருக்கேன். அவசரம், ஆறு மாசம் தாங்காது. உங்க மனுவால கோர்ட்டு லெட்டர் வந்தாத்தானே மேல இருக்கற ஆபீசரு கையெழுத்தே போடறாரு. எனக்கு மெமோதானே மேடம், வந்தா வரட்டும், பதினாறு வாங்கியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான், போன மனுவுல என்னைத் திட்டினது பத்தல, இந்தத் தடவை கொஞ்சம் காட்டமா எழுதுங்க."