மன்னிப்பு வாங்கித் தந்தவர்

“இந்த ஆளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்,” என்றார் டைரக்டர் தேவானந்தம்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அரிகிருஷ்ணன் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முந்தின நாள் காலையிலிருந்து ஓடிய அணைக்கட்டுக் கணக்கு. சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டுப் போனவன் அவன்தான். இன்று பார்த்தால், விடை பதிகிற காந்த டேப்பில் கடைசிப் பகுதி பதியவே இல்லை. அது இல்லாமல் மற்றது உதவாது; ஒரு நாள் உழைப்பு மொத்தமும் போயிற்று.

“கணக்கு முடிஞ்சுதுன்னு மெஷினே டைப்ரைட்டர்ல அடிச்சுது சார். அத்தப் பாத்துட்டுத்தான் ஆஃப் பண்ணேன்.”

“மெஷின் தப்பா சொல்லுமாய்யா? கோவளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கே. அதான் விஷயம்.”

கோவளம் பஸ்ஸை அவன் பிடித்தது வாஸ்தவம். அதனால் தலையைக் குனிந்துகொண்டான். வேலையோ டெம்பரரி. வீட்டில் கைக்குழந்தை வேறு.

ஓரத்து நாற்காலியில் இருந்த ஐசக் தொண்டையைச் செருமினான். அந்த மெஷின் எதை எப்படிச் செய்யவேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவன். அவன் சொன்னால் டைரக்டர் கேட்டுக்கொள்வார்.

“சார், இந்த ஒரு தடவை விட்டுடலாம். நல்ல பையன். இனிமே நடக்காது, நான் பொறுப்பு.”

டைரக்டர் கொஞ்சம் யோசித்தார். “உங்களுக்காக விடறேன் ஐசக். ஆனா தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணும்.”

அரிகிருஷ்ணனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. மன்னிப்புக் கடிதத்தையும் ஐசக்கே எழுதிக் கொடுத்தான். ‘என் அவசர புத்தியால்’ என்ற இடத்தில் பேனா சற்று நின்று, பிறகு நகர்ந்தது. அரிகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவில் ஆளாளுக்கு ஐசக்கின் முதுகைத் தட்டினார்கள். தங்கமான மனசு என்றார்கள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து ஐசக் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவனுடைய தாம்பரத்து வீட்டு வாசலில் அரிகிருஷ்ணன் நின்றான். கையில் பெரிய வஞ்சிரம். கேளம்பாக்கத்தில் பஸ் மாறி எடுத்து வந்திருக்கிறான்.

“எங்கப்பா பிடிச்சது சார். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க இல்லாங்காட்டி என் பொழப்பு பூட்ருக்கும்.”

“இதெல்லாம் எதுக்குப்பா,” என்றான் ஐசக். அரிகிருஷ்ணன் கண்ணைப் பார்க்க முடியாமல் அவமானம் பிடுங்கித் தின்றது. உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பி வைத்தான்.

மத்தியானம் மீன் குழம்பைப் பரிமாறும்போது மனைவி ஹில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாஸ்டரம்மாகிட்ட சொல்லணும். இந்தக் காலத்துல அடுத்தவனுக்காக யாருங்க பேசறாங்க?”

“விடு ஹில்டா.”

“பாவம், அந்தப் பையன் அப்படி என்னதான் பண்ணிட்டான்?”

“டேப்ல எழுதி முடிக்கறதுக்குள்ள மெஷினை நிறுத்திட்டான்.”

“ஏன் நிறுத்தினான்?”

“முடிஞ்சுதுன்னு மெஷின் அடிச்சுது.”

பள்ளிக்கூடத்து டீச்சர், பாதியில் விடுவாளா? “முடியலைன்னா அது ஏன் அப்படி அடிக்குது?”

“டேப் ரொம்ப மெதுவா எழுதும். முன்னாடி எல்லாம் அது எழுதற வரைக்கும் மெஷின் சும்மா காத்துக்கிட்டிருக்கும். இப்ப, எழுத வேண்டியதை ஒரு ஓரமா வெச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடும். டேப் தன் பாட்டுக்கு எழுதிக்கும்.”

“நல்ல ஏற்பாடுதானே?”

“நல்ல ஏற்பாடுதான். ஆனா கடைசியில டேப் எழுதி ஆச்சான்னு ஒரு தடவை பாத்துட்டுத்தான் முடிஞ்சுதுன்னு அடிக்கணும்.”

“பாக்கலையா?”

“பாத்தா நேரம் கூடும். மெஷினோட வேகத்தைப் பாக்க டில்லியிலேர்ந்து வந்தாங்க இல்ல, அப்ப வேகமா காட்டணும்னு புரோகிராம்லேர்ந்து அதை எடுத்தாச்சு.”

ஹில்டா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“யாருங்க எடுத்தது?”

ஐசக் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“நான்தான்.”