அணில் புதைத்த கதை

காட்டு நூலகத்தில் மின்நூல் இரவல் வாங்க அணில் புதிதாகக் கற்றிருந்தது. அது படித்த கதையில் கப்பல் புயலில் சிக்கிய நேரம், “இன்று மாலையோடு தவணை முடிகிறது” என்றது வாசிப்புக் கருவி.

அணிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ‘யாராவது பிடுங்க வந்துவிட்டால்?’ கருவியோடு மரத்துக்கு மரம் ஓடியது. கடைசியில் குழி தோண்டிப் புதைத்து, மேலேயே காவல் உட்கார்ந்தது.

யாரும் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் தோண்டி எடுத்தால், கதை தானாகவே நூலகத்துக்குத் திரும்பியிருந்தது!

“வந்திடுச்சு!” என்று பக்கத்தில் ஆமை தன் கருவியைப் பார்த்துச் சிரித்தது. “உனக்கடுத்து நான்தான் காத்திருந்தேன்.”

“ஆமையண்ணே, கப்பல் தப்பிச்சுதா? கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்களேன்!”

“இருப்பா, நான் இன்னும் அட்டைப்படத்தையே பார்த்து முடிக்கலை.”

அணில் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. வால் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.