உள்ளங்கை விளக்குகள்

என் மாமியார் லுயெனுக்கு ஹோய் ஆன் ஊரில் நூடுல்ஸ் கடை. மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷத்திலிருந்து, பௌர்ணமிதோறும் அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, கிண்ணம் போல மடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் விடுவார்.

"அவருக்குப் போய்ச் சேருதோ என்னவோ" என்பார்.

"எங்க சேருது? விடிஞ்சா குப்பைப் படகுக்காரன் வாரிட்டுப் போறான், அத்தை" என்பேன்.

நேற்றும் விட்டார். இன்று கடையைப் பூட்டவைத்து, பாலங்களைக் காட்டக் கூட்டிப்போனேன். பக்கத்து நகரமான தா நாங்கில், டிராகன் உருவில் வளைந்து கிடக்கும் பாலத்தைப் பார்த்து, "இவ்வளவு பெரிய பாம்புக்கு யாரு சோறு போடறது?" என்றார். பிறகு ரோப் காரில் ஏறி மலைமேல் தங்கப் பாலம். இரண்டு ராட்சதக் கைகள் அதைத் தாங்குகின்றன. கல் மாதிரி தெரியும், உள்ளே வெறும் கம்பிவலைதான். அதையும் சொல்லிவைத்தேன்.

ஒரே பனிமூட்டம். அந்த ராட்சத விரல்களின் இடுக்கில் எட்டிப் பார்த்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். கீழே உள்ளங்கையில் ஒரு காகித விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாளில் நேற்றைய தேதி பெரிதாகத் தெரிந்தது.

"உங்க மடிப்பா, அத்தை?"

"மூலையை ரெண்டு தடவை நான்தான் மடிப்பேன். வேற யாரு?"

பனி விலகியது. உள்ளங்கை முழுக்க விளக்குகள். பழுப்பேறிய தாள்கள், இத்தனை வருஷத்துப் பௌர்ணமிகள். எல்லாமே எரிந்துகொண்டிருந்தன.

"மனுஷன் ஒண்ணைக்கூட அணைய விடல, பாரு" என்றார்.

மலைக்காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு சுடர்கூட ஆடவில்லை.