கடல் தெரிந்த ஜன்னல்

கடலோரத்து வீடு ஒன்றில் ஒரு கிணறு இருந்ததாம். தன் தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கிறது என்று அதற்கு ஏகப் பெருமை.

வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடு. புதிதாக எடுத்த மாடியின் ஜன்னலுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"ஏ குண்டு மேடே, கொஞ்சம் நகரேன்! கடலைப் பார்க்கத்தானே என்னை வைத்தார்கள்? பொழுதுக்கும் உன் முதுகையே பார்க்கிறேன்."

"நகரலாம் தம்பி. ஆனால் வயிற்றில் மழைத்தண்ணீரை வைத்திருக்கிறேனே. சொட்டுச் சொட்டாகக் கிணற்றுக்கு யார் கொடுப்பது?"

"உடம்பெல்லாம் காய்ந்த மணல், இதில் தண்ணீர் வேறா!" என்று ஜன்னல் சிரித்தது. கிணறும் சேர்ந்து சிரித்தது. தன் தண்ணீர் தனக்குள்ளேயே ஊறுகிறது என்றுதான் அது நினைத்திருந்தது.

வீட்டுக்காரி பிலோமினாவுக்கும் ஜன்னலின் ஆசைதான். லாரிகள் வந்தன, மூன்றே நாளில் மேடு போய்விட்டது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய கடல்!" ஜன்னல் பளபளத்தது.

அடுத்த கோடையில் பிலோமினா வழக்கம்போல் ஒரு வாளி இறைத்தாள். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுநாள் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டாள்.

"என்ன அண்ணே, உம்மென்று இருக்கிறீர்கள்?" என்று மேலேயிருந்து கேட்டது ஜன்னல். "இங்கே கடல் எவ்வளவு அழகு தெரியுமா? உங்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை."

"எனக்கும் கடல் வந்துவிட்டது தம்பி," என்றது கிணறு, பலகைக்கு அடியிலிருந்து. "நீ பார்க்கிறாய். நான் குடிக்கிறேன்."